மக்கும் என்று எழுதியிருந்த பை

(கல்லறைத் திருநாள் வாரத்தில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



சென்ற ஆண்டு கல்லறைத் திருநாள் முடிந்து பத்து நாள் இருக்கும். எங்கள் பங்கில் வயதான ஒரு தாய் இறந்துபோனார். கணவரைப் புதைத்த குழியிலேயே தன்னையும் வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கணவர் இறந்து 16 ஆண்டுகள் ஆகிவிட்டதால் பிள்ளைகள் கேட்டபடியே அனுமதி கொடுத்தேன். அன்று காலை நல்ல மழை. வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கக் குடையைப் பிடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அங்கே பல ஆண்டுகளாகக் குழி வெட்டும் பெரியவர் இடுப்பளவு பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, குனிந்து எதையோ எடுத்து மேலே நீட்டினார்.

அது ஒரு பிளாஸ்டிக் பூமாலை. சேறு அப்பியிருந்தது. மழைத் தண்ணீரில் அவர் ஒருமுறை அலசியதும் சிவப்பும் மஞ்சளும் பளிச்சென்று தெரிந்தன. மாலையைச் சுற்றி வந்த பாலித்தீன் உறையும் கூடவே இருந்தது. அதில் அச்சிட்டிருந்த கடைப் பெயரில் பாதியைப் படிக்கவும் முடிந்தது.

"சாமி, மனுசன் மண்ணாயிட்டாரு. பெட்டியும் மண்ணாயிட்டு. இது மட்டும் வாங்கின மாதிரியே கெடக்கு" என்றார் அந்தப் பெரியவர்.

எனக்குப் பதில் வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் திருநீற்றுப் புதனன்று உங்கள் நெற்றியில் சாம்பல் பூசி, நாம் மண்ணிலிருந்து வந்ததையும் மண்ணுக்கே போகப்போவதையும் நினைவூட்டுகிறவன் நான். அந்தச் சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். முந்தின ஆண்டு குருத்து ஞாயிறன்று கையில் பிடித்து வந்த ஓலைதான் அது. வீட்டில் சிலுவைக்குப் பின்னால் செருகி வைத்து, காய்ந்ததும் கோவிலில் கொண்டுவந்து கொடுக்கிறீர்கள். அதை எரித்துச் சலித்து எடுக்கிறோம். மரத்திலிருந்து வந்த ஓலை ஒரே ஆண்டில் சாம்பலாகி நம் நெற்றிக்கு வந்துவிடுகிறது. அந்தச் சுற்றுக்குள் வரவே மாட்டேன் என்று நிற்கும் ஒரு பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு அன்று மழையில் நின்றேன்.

அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். எல்லாரும் வருத்தப்பட்டார்கள். மே மாதம் வரும் பங்குத் திருவிழாவில் ஒரு துண்டு பிளாஸ்டிக்கூட இருக்கக் கூடாது என்று ஒருமனதாக முடிவாயிற்று. முடிவு எடுப்பது எளிது. அசன விருந்துக்குப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் போக, நோயாளிகளுக்கும் முதியோருக்கும் கடலுக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கும் ஏறக்குறைய 800 பொட்டலங்கள் கட்ட வேண்டும். சாம்பாரையும் கூட்டையும் எதில் ஊற்றிக் கொடுப்பது? அந்த நேரத்தில்தான் ஒரு வியாபாரி வந்தார். கையில் மெல்லிய பச்சைப் பைகள். அவற்றின் மேல் பெரிய எழுத்தில் "100 சதவீதம் மக்கும்" என்று அச்சிட்டு, பக்கத்தில் ஓர் இலைப் படமும் போட்டிருந்தது. சாதாரணப் பையைவிட மூன்று மடங்கு விலை. மண்ணில் போட்டால் மண்ணாகிவிடும் சாமி என்றார். எனக்கு அந்தப் பெரியவரின் குரல் நினைவுக்கு வந்தது. வாங்கிவிட்டேன். போதாததற்கு வேறோர் ஊரிலிருந்தும் கொஞ்சம் வரவழைத்தோம். ஞாயிறு திருப்பலியில் பீடத்திலிருந்து பெருமையாக அறிவிக்கவும் செய்தேன். கைத்தட்டல்கூடக் கிடைத்தது.

திருவிழா முடிந்ததும் இளையோர் இயக்கப் பிள்ளைகள் பங்குப் பணியாளர் இல்லத்துக்குப் பின்னால் ஐந்தடி ஆழத்தில் குழி வெட்டி, வாழையிலை, சோறு, காய்கறிக் கழிவு, திரும்பி வந்த பைகள் எல்லாவற்றையும் போட்டு மூடினார்கள். செப்டம்பரில் திறந்தோம். இலையும் சோறும் கரிய மண்ணாகியிருந்தன. நல்ல மண்வாசனை. அந்த மண்ணுக்குள் பச்சைப் பைகள் மடித்து வைத்தது போல இருந்தன. ஒரு பையை எடுத்து ஊதினேன், பலூன் போல உப்பியது. "100 சதவீதம் மக்கும்" என்ற எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. இரண்டாவது ஊரிலிருந்து வந்த பைகள் வேறு விதம். வெயில் பட்ட இடங்களில் கை வைத்ததும் காய்ந்த மீன் செதிலாக உதிர்ந்தன. பிள்ளைகள், "பாருங்க ஃபாதர், இது மக்கிட்டு" என்று மகிழ்ந்தார்கள். நானும் மகிழ்ந்தேன். இரண்டு பேருமே ஏமாந்திருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் படித்தவன். வேதியியலோடு என் உறவு பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிட்டது. எங்கள் பங்கில் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் ஒரு சகோதரி இருக்கிறார். அவரை அழைத்து இரண்டு பைகளையும் காட்டினேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் கண்ணுக்கு மெல்லிய தாளாகத் தெரியும் பாலித்தீன், உண்மையில் கார்பன் அணுக்கள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. 1933-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கிடைத்த பொருள் அது. சங்கிலி என்றால் பருத்தியும் ஓலையும் காகிதமும்கூடச் சங்கிலிதான். சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலி. ஆனால் அந்தச் சங்கிலியின் பூட்டைத் திறக்கும் சாவி மண்ணிலுள்ள நுண்ணுயிர்களிடம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறது. பாலித்தீன் பிறந்து நூறு ஆண்டுகூட ஆகவில்லை. அந்தப் பூட்டுக்கு மண்ணிடம் சரியான சாவி இல்லை. பெரியவரின் கையிலிருந்த உறை 16 ஆண்டுகள் அப்படியே கிடந்த காரணம் இதுதான்.

இதற்கு மாற்றாக அறிவியலாளர்கள் கண்டுபிடித்தவற்றுள் ஒன்று பாலிலாக்டிக் அமிலம். சுருக்கமாகப் பி.எல்.ஏ. என்கிறார்கள். மக்காச்சோள மாவிலிருந்தோ கரும்புச் சர்க்கரையிலிருந்தோ நுண்ணுயிர்களை வைத்து லாக்டிக் அமிலம் எடுக்கிறார்கள். நம் வீட்டுத் தயிரைப் புளிக்க வைக்கும் அதே அமிலம்தான். அதைச் சங்கிலியாகக் கோத்தால் கண்ணாடி போன்ற குவளை வரும்; வேறு பொருள்களோடு கலந்தால் பை வரும். கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! சோளம் பையாகி, பை மண்ணாகி, மண் சோளமாகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தச் சங்கிலியை முதலில் சூடும் ஈரமும் சேர்ந்து வெட்ட வேண்டும், அதன் பிறகே நுண்ணுயிர் வந்து உண்ணும். அந்தச் சூடு ஏறக்குறைய 58 டிகிரி. ஒரு நாள் இரண்டு நாள் இருந்தால் போதாது, வாரக்கணக்கில் தணியாமல் இருக்க வேண்டும். பெரிய நகரங்களில் மலை போலக் குப்பையைக் குவித்து, காற்று செலுத்தி, புரட்டிப் போட்டு உரம் தயாரிக்கும் ஆலைகளில் அந்தச் சூடு கிடைக்கும். நாங்கள் வெட்டிய ஐந்தடிக் குழியில் கிடைக்குமா? கடலில் கிடைக்குமா? சாக்கடையில் கிடைக்குமா?

"அப்படியானால் பையில் எழுதியது பொய்யா?" என்று கேட்டேன். "பொய்யென்று சொல்ல முடியாது ஃபாதர். முழுசா எழுதல, அவ்வளவுதான்" என்றார். உலகத் தரநிலை ஒன்று இருக்கிறது. அதன் எண் 17088. இந்தியாவிலும் அதே தரம்தான். அந்தச் சோதனையில் தேற வேண்டுமானால், உர ஆலையின் சூட்டில் 180 நாள்களுக்குள் பையிலுள்ள கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாறியிருக்க வேண்டும். அதாவது உர ஆலையில் நடப்பதற்கான வாக்குறுதி அது. அந்த ஆலை எங்கள் ஊரில் இல்லை, பக்கத்து ஊரிலும் இல்லை. விற்றவரும் அதைச் சொல்லவில்லை, வாங்கிய நானும் கேட்கவில்லை.

செதில் செதிலாக உதிர்ந்த பையின் கதைதான் எனக்கு அதிக வேதனை தந்தது. அது சாதாரணப் பாலித்தீன்தான் என்றும், வெயிலும் காற்றும் பட்டால் நொறுங்குவதற்காக ஒரு உப்பைக் கலந்திருப்பார்கள் போலிருக்கிறது என்றும் அவர் சொன்னார். நொறுங்குவது வேறு, மக்குவது வேறு. பை கண்ணைவிட்டு மறைகிறது, ஆனால் பாலித்தீன் மறைவதில்லை. முழுப் பையாக இருந்தால் குனிந்து எடுத்துவிடலாம். செதிலாகிவிட்டால் யார் எடுப்பது? ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகைப் பொருள்களை 2021 ஜூலையிலிருந்து சந்தைக்கு வரவிடாமல் தடை செய்துவிட்டது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அந்தச் செதில்களை நல்ல உரம் என்று நம்பி, கோவில் வளாகத்தில் நட்ட தென்னம்பிள்ளைகளுக்குப் போட்டிருந்தோம். இப்போது அதை எடுக்க வழியில்லை.

இந்த ஏமாற்றம் எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் இமோஜன் நாப்பர், ரிச்சர்ட் தாம்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கடைகளில் கிடைத்த ஐந்து வகைப் பைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றை மண்ணில் புதைத்தார்கள், சிலவற்றைக் கடல்நீரில் மூழ்க வைத்தார்கள், சிலவற்றை வெளியே காற்றில் தொங்கவிட்டார்கள். மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். 'மக்கும்' என்று விற்ற பை, மண்ணிலும் கடலிலும் மூன்று ஆண்டுகள் கிடந்த பிறகும், கடைச் சாமான்களைச் சுமக்கும் அளவுக்கு உறுதியாக இருந்தது. உரமாகும் என்று விற்ற இன்னொரு வகை, கடலில் மூன்று மாதத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. ஆனால் அதே பை மண்ணில் 27 மாதங்களுக்குப் பிறகும் கிடந்தது, எடை தாங்கும் வலு மட்டும்தான் போயிருந்தது. பிரிட்டனில் பொதுமக்கள் உதவியோடு நடந்த இன்னோர் ஆய்வும் உண்டு, 2022-இல் வெளியானது. வீட்டு உரக் குழியிலேயே மக்கும் என்று எழுதியிருந்த பொருள்களில் 60 சதவீதம், வீட்டுக் குழிகளில் முழுமையாக மக்கவில்லை. இதைக் கேட்டதும், உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. எங்கள் குழி மட்டும் தோற்கவில்லை!

இன்னொரு குழப்பத்தையும் அந்தச் சகோதரி தீர்த்து வைத்தார். செடியிலிருந்து வந்தது மக்கும், பெட்ரோலியத்திலிருந்து வந்தது மக்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையாம். பிரேசில் நாட்டில் 2010-லிருந்து கரும்பிலிருந்து பாலித்தீன் செய்கிறார்கள். பிறப்பு கரும்பு, ஆனால் குணம் அதே பாலித்தீன். மண்ணில் மக்காது. மாறாக, பெட்ரோலியத்திலிருந்து வரும் சில வகைப் பிளாஸ்டிக்குகளை நுண்ணுயிர் உண்டுவிடும். ஆகவே, பையில் இலைப் படம் போட்டிருப்பதால் ஒன்றும் தெரியாது. இயற்கையானது என்பதாலேயே எல்லாம் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. நாம் நம்பிப் பயன்படுத்தும் பாக்குமட்டைத் தட்டுகளை 2025-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தன் நாட்டில் அனுமதிக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. பாக்கிலுள்ள சில வேதிப்பொருள்கள் உணவில் இறங்கக்கூடும் என்பது அவர்கள் காரணம். உடனே தட்டுகளைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எதையும் கேட்டு, பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் இந்த ஆராய்ச்சி எல்லாம் வீணா? வீண் என்று சொல்ல மாட்டேன். கடவுள் தந்த அறிவைக் கொண்டு செய்கிற நல்ல வேலை அது. 1926-இல் மோரிஸ் லெமுவான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், சாதாரண மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவைக் கவனித்தார். உணவு நிறையக் கிடைக்கும்போது அது பிற்காலத் தேவைக்காகத் தன் உடலுக்குள் சின்னச் சின்ன உருண்டைகளாகச் சேமித்து வைக்கிறது. நாம் கொழுப்பு சேர்ப்பது போல. அந்த உருண்டை, பிளாஸ்டிக் போல வார்க்கக்கூடிய பொருள்! ஓர் உயிரே சமைத்த உணவு என்பதால் மண்ணிலும் கடலிலும் வேறு நுண்ணுயிர்கள் அதை உண்டுவிடுகின்றன. பி.எச்.ஏ. என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். பாலித்தீனைக் கண்டுபிடித்த அதே ஐ.சி.ஐ. நிறுவனம்தான் இதிலும் இறங்கியது. 1990-இல் ஜெர்மனியில் அதில் செய்த ஷாம்பு பாட்டில்கள் விற்பனைக்கு வந்தன. ஆனால் விலை அதிகம். பெட்ரோலியப் பிளாஸ்டிக்கோடு போட்டி போட முடியவில்லை. இன்றும் விலைதான் தடை. ஒரு பொருள் மண்ணை மதித்தால் அதற்கு விலை அதிகம், மதிக்காவிட்டால் விலை மலிவு. அந்த மலிவின் மீதியை யார் கட்டுகிறார்கள் என்பதை எங்கள் மீனவர்கள் வலையை இழுக்கும்போது பார்க்கிறார்கள்.

பாலித்தீன் பையின் பிறப்பைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டேன். இன்று நாம் கடையில் வாங்கும், இரண்டு காது வைத்த பையை வடிவமைத்தவர் ஸ்டென் குஸ்டாஃப் துலின் என்ற சுவீடன் நாட்டுப் பொறியாளர். 1965-இல் அவர் வேலை பார்த்த நிறுவனம் காப்புரிமை பெற்றது. அவருடைய மகன் பிற்காலத்தில் சொன்ன செய்தி என்னைத் திகைக்க வைத்தது. காகிதப் பைகளுக்காக மரங்களை வெட்டுகிறார்களே என்ற கவலையில்தான் தந்தை அதைச் செய்தாராம். அவர் தன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பையை மடித்து வைத்திருப்பாராம், மறுபடியும் மறுபடியும் பயன்படுத்துவதற்காக. மனிதர்கள் அதை ஒரே முறை பயன்படுத்தி எறிவார்கள் என்பது அவருக்கு நினைத்துப் பார்க்கவே முடியாததாக இருந்திருக்கும் என்று மகன் சொன்னார். உறுதியாக இருக்க வேண்டும் என்று செய்த பொருளை நாம் ஒரு நிமிடப் பொருளாக மாற்றினோம். பிறகு, உறுதியாக இருக்கிறதே என்று அதன்மேல் குற்றம் சொல்கிறோம். இப்போது, எறிவதற்கென்றே ஒரு பொருளைச் செய்து தாருங்கள் என்று அறிவியலைக் கேட்கிறோம். நான் வாங்கிய பச்சைப் பையும் அப்படி ஒரு கோரிக்கைதான். எறிகிற பழக்கத்தை விடாமல் மனச்சாட்சியை மட்டும் சுத்தமாக வைத்துக்கொள்ள அது எனக்கு உதவியது. இதை உங்களிடம் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கைத்தட்டல் வாங்கிய பீடத்திலேயே இதையும் சொல்லிவிட்டேன்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில், செடியை விலங்கு உண்பதையும், விலங்கின் கழிவு மண்ணுக்கு உரமாகித் திரும்பச் செடியாவதையும் காட்டி, நம் தொழில் உற்பத்தி இன்னும் அந்தச் சுற்றைக் கற்றுக்கொள்ளவில்லை என்கிறார். முதன்முறை படித்தபோது அழகான சிந்தனை என்று நினைத்துக் கடந்துபோனேன். குழியைத் திறந்த பிறகு படித்தபோது, அவர் எங்கள் கொல்லையைப் பற்றிப் பேசுவது போல இருந்தது.

அரசுகள் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் குறிப்பிட்ட பொருள்களுக்குத் தடை வந்தது. உரமாகும் பைகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்தப் பையில் தயாரிப்பாளரின் பெயரும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும் என்பது விதி. இதை நான் இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் பச்சைப் பையில் பெயரும் எண்ணும் இருந்தன. செதிலாக உதிர்ந்த பையில் இலைப் படம் மட்டும்தான். ஆகவே நீங்கள் வாங்கும்போது படத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைத் தேடுங்கள். எண் இருந்தாலும் அந்தப் பை எங்கே போய் மக்கும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் ஊர்த் தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "எங்களுக்கு எல்லாப் பையும் ஒண்ணுதான் ஃபாதர். எது மக்கும் எது மக்காதுன்னு கையால தொட்டா தெரியுமா?" தெரியாதுதான். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி மறுபடி பயன்படுத்தும் இடத்துக்கு இந்த மக்கும் பை கலந்து போய்விட்டால் அங்கேயும் சரக்கைக் கெடுக்கிறது. நல்ல பொருள் தவறான குப்பையில் விழுந்தால் இரண்டு பக்கமும் நட்டம்.

செப்டம்பர் கடைசியில் மறுபடி பேரவையைக் கூட்டினோம். வரும் ஆண்டு அசன விருந்துக்கு என்ன செய்வது என்று பேச்சு. என் தாய் காலத்தில் ஓலைக் கொட்டானில் கறி வாங்கி வருவோம், பனையோலைப் பட்டையில் பதநீர் குடிப்போம் என்று ஒரு பெரியவர் தொடங்கினார். மணப்பாட்டில் இன்றும் பெண்கள் ஓலைப் பெட்டி முடைகிறார்களே என்று இன்னொருவர் சொன்னார். எனக்கும் அந்த வாசனை நினைவுக்கு வந்தது. ஆனால் ஓலையில் சாம்பார் நிற்காது. பந்தி என்றால் வாழையிலை போதும். பொட்டலத்துக்கு வழி என்ன? வீட்டுக்கு வீடு தூக்குவாளி கொண்டுவரச் சொல்வோம், இல்லாதவர்களுக்குப் பங்கிலேயே எவர்சில்வர் தூக்கு வாங்கி வைப்போம், திருவிழா தோறும் அதையே பயன்படுத்தலாம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அப்போது அன்பியப் பொறுப்பாளராக இருக்கும் ஒரு சகோதரி எழுந்தார். எப்போதும் அதிகம் பேசாதவர். "நல்ல திட்டந்தான் ஃபாதர். 400 தூக்க யாரு கழுவுறது?" என்றார்.

கூட்டம் அமைதியாகிவிட்டது. அவர் விடவில்லை. "வீட்டுல பிளாஸ்டிக் வேண்டாம்னா நாங்க துணிப்பை தைக்கணும். கோவில்ல வேண்டாம்னா நாங்க பாத்திரம் விளக்கணும். மீட்டிங்ல முடிவெடுக்கிறது ஆம்பளைங்க. பிளாஸ்டிக் வந்தப்போ எங்களுக்குத்தான் கொஞ்சம் ஓய்வு கெடச்சுது. அதையும் சொல்லுங்க" என்றார்.

அன்பார்ந்தவர்களே, சுற்றுச்சூழல் பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. மலிவான பையின் மீதி விலையை மண்ணும் கடலும் கட்டுகின்றன என்று சற்று முன் சொன்னேன். பையை விட்டுவிட்டால் அந்த விலை மறைந்துவிடாது, வேறொருவர் தோளுக்கு மாறும். அந்தத் தோள் எது என்று கேட்காமல் எடுக்கிற நல்ல முடிவு பாதி முடிவுதான். இரண்டு மணி நேரம் பேசினோம், கொஞ்சம் சத்தமும் வந்தது. கடைசியில், பொட்டலங்களை 800-லிருந்து பாதியாகக் குறைப்பது, நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் பந்திக்கு வருவது, தூக்குகளை ஆண்கள் கழுவுவது என்று முடிவாயிற்று. முதல் முறை கழுவும் குழுவில் பங்குத்தந்தை பெயரும் இருக்கிறது. அந்தச் சகோதரிதான் எழுதினார். எழுதும்போது சிரிக்கவும் செய்தார்.

கல்லறைத் தோட்டக் கதை இன்னும் முடியவில்லை. இந்த ஆண்டு பிளாஸ்டிக் மாலைகளுக்கு அனுமதியில்லை என்று அக்டோபரிலேயே வாசலில் எழுதி வைத்தோம். எழுதிய மறுநாள் வாசலுக்கு வெளியே மாலை விற்கும் பாட்டி என்னைத் தேடி வந்தார். கடன் வாங்கிச் சரக்கு எடுத்துவிட்டாராம். "ஐப்பசி மழையில நெசப் பூ ஒரு நாள் தாங்காது சாமி. அழுகினா எங்காசு போச்சு" என்றார். அவரைக் கேட்காமல் எழுதிய பலகை அது. பேரவையில் மறுபடி பேசி, அவர் எடுத்த சரக்கு திருப்பிக் கொடுக்க முடிந்தது போக மீதிக்கு உரிய பணத்தைப் பங்கு கொடுத்தது. மாலைகளை வாங்கி என்ன செய்வது? கோவில் பரணில் மூட்டையாக இருக்கிறது. எரித்தால் புகை, புதைத்தால் 16 ஆண்டுக் கதை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் வாசுதேவன் என்பவர், சூடான சல்லியின்மேல் பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவிப் பூச்சாக்கித் தார்ச்சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார்; 2018-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். எங்கள் மாலைகள் அதற்கு ஆகுமா என்று அந்த வேதியியல் சகோதரியிடம் கேட்டிருக்கிறேன். எல்லா வகைப் பிளாஸ்டிக்கும் ஆகாதாம். பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். பாட்டி இந்த ஆண்டு செவ்வந்தியும் வாடாமல்லியும் வாழைநாரில் கட்டி விற்றார். மழை இரண்டு நாள் நின்றதால் நட்டம் வரவில்லை. அடுத்த ஆண்டு மழை நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நட்டம் வந்தால் பங்கு பாதி ஏற்கும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பச்சைப் பைகளில் பத்தை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். கல்லறைத் திருநாளுக்கு மறுநாள், குழி வெட்டும் பெரியவர் தோட்டத்தின் வடக்கு மூலையில் ஒரு முழ ஆழத்தில் அவற்றைப் புதைத்தார். பக்கத்திலேயே ஓர் ஓலைக் கொட்டானையும் ஒரு பழைய மஞ்சப்பையையும் தனித்தனியாகப் புதைத்து, மூன்றுக்கும் கல் நட்டிருக்கிறார். யாருடைய கல்லறை என்று கேட்டு இரண்டு பேர் மெழுகுதிரி ஏற்றிவிட்டும் போய்விட்டார்கள். அடுத்த நவம்பரில் மூன்றையும் திறப்போம். உள்ளே என்ன இருந்தது என்று இதே நிகழ்ச்சியில் உங்களுக்குச் சொல்கிறேன்.